தீப்பெட்டி நிலாவிலும் இதே தூரம்தான் சறுக்கும், தெரியுமா?

பள்ளிக்கூடச் சோதனைகளிலேயே விடை முன்கூட்டியே தெரிந்த சோதனை எது? உராய்வுச் சோதனைதான்! பலகையைச் சாய்த்து வை, மேலிருந்து பொம்மைக் காரை விடு, மொசைக் தரையில் தூரம் போகும், சாக்கின் மேல் சீக்கிரம் நிற்கும். "சொரசொரப்பு கூடினால் உராய்வு கூடும்" என்று ரெக்கார்டு நோட்டில் எழுது, மார்க் வாங்கு, வீட்டுக்குப் போ. ஆனால் அதே பலகையை வைத்துக்கொண்டு வேறு நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். எடையைக் கூட்டினால் என்ன ஆகும்? படுத்திருக்கும் பெட்டியை ஒருக்களித்து வைத்தால்? சாய்வை மாற்றினால்? வழவழப்பைக் கூட்டிக்கொண்டே போனால்? ஒவ்வொரு விடையும் தூக்கிவாரிப் போடும்!

முதலில் அந்தக் காரை எடுத்து ஓரமாக வையுங்கள். காருக்குச் சக்கரம் இருக்கிறது, அச்சு இருக்கிறது. அது நிற்பதற்குத் தரையும் காரணம், அச்சும் காரணம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஒரு தீப்பெட்டி போதும். பலகை தரையைத் தொடும் இடத்தில் பெட்டி முட்டி எகிறும். அதனால் ஒரு சார்ட் அட்டையை வளைத்து அங்கே ஒட்டிவிடுங்கள். பிறகு பழைய வேட்டி ஒன்றைப் பலகையின் உச்சியிலிருந்து தரை வரை சுருக்கமில்லாமல் ஒரே நீளமாக விரியுங்கள். பெட்டியைத் தள்ளவே கூடாது. ஒரு ஸ்கேலைக் குறுக்கே பிடித்து நிறுத்தி, சட்டென்று ஸ்கேலை எடுத்துவிட வேண்டும். தள்ளினால் போச்சு, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு தூரம் வரும்.

இப்போது பெட்டிக்குள் பத்து ரூபாய் நாணயங்களாக நிரப்பி விடுங்கள். கனமான பெட்டி இன்னும் தூரம் போகும் என்று வகுப்பில் பாதிப் பேர் கை தூக்குவார்கள். கனம் கூடினால் உராய்வும் கூடுமே, சீக்கிரம் நின்றுவிடும் என்று மீதிப் பேர். இரண்டு கட்சியும் தோற்கும்! ஏறக்குறைய அதே இடத்தில்தான் வந்து நிற்கும். எடை இரண்டு மடங்கானால் நிறுத்தும் விசையும் இரண்டு மடங்கு. ஆனால் நிறுத்த வேண்டிய பொருளும் இரண்டு மடங்கு. கணக்கு நேராகிவிடுகிறது. பூங்காவின் சறுக்குமரத்தில் அப்பாவும் மகளும் ஒரே மாதிரித் துணி உடுத்திச் சறுக்கினால் முன்னே பின்னே இல்லாமல் வந்து சேர்வதும் இதனால்தான்.

அடுத்தது இதைவிடப் பெரிய ஆச்சரியம். பெட்டி கிளம்பிய இடத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து பெட்டி நின்ற இடம் வரை தரையோடு அளந்தால், அந்தத் தூரம் எதைப் பொறுத்தது தெரியுமா? உராய்வு விசையை அழுத்தும் விசையால் வகுத்தால் வரும் எண்ணை உராய்வுக் குணகம் என்பார்கள். கிளம்பிய உயரத்தை அந்தக் குணகத்தால் வகுத்தால் வருவதுதான் விடை. அவ்வளவே! உயரம் 30 செ.மீ., குணகம் 0.3 என்றால் 100 செ.மீ. பலகை அதிகமாகச் சாய்ந்திருந்தாலும் சரி, கொஞ்சம் தணிந்திருந்தாலும் சரி, பெட்டி சறுக்கும் அளவுக்குச் சாய்வு இருந்தால் போதும். விடையில் சாய்வே வராது. எடையும் வராது. இன்னும் உற்றுப் பாருங்கள், புவியீர்ப்பும் வராது! குணகம் மாறாது என்று வைத்துக்கொண்டால், நிலாவுக்குப் போய் அதே வேட்டியை விரித்து அதே உயரத்திலிருந்து விட்டாலும் தீப்பெட்டி அதே 100 செ.மீ. தூரத்தில்தான் நிற்கும்! நேரம் மட்டும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு எடுத்துக்கொள்ளும். ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கானதால் இழுக்கும் விசையும் குறைந்தது, அழுத்தும் விசையும் குறைந்தது. மறுபடியும் கணக்கு நேர்! பாடப்புத்தகத்தில் இந்த ஒரு வரியை ஏன் போடுவதில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

"குணகம் மாறாது என்று வைத்துக்கொண்டால்" என்று சும்மா சொல்லவில்லை. காற்றில்லாத இடத்தில் உலோகங்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பூமியில் பெரும்பாலான உலோகங்களின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். வெற்றிடத்தில் அது உராய்ந்து போய்விட்டால் திரும்ப வராது. சுத்தமான உலோகம் சுத்தமான உலோகத்தைத் தொட்டால், நெருப்பே இல்லாமல் பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும்! 1989-இல் வியாழனை நோக்கிக் கிளம்பிய கலிலியோ விண்கலத்தின் பெரிய ஆன்டெனாவை 1991-இல் விரிக்கப் பார்த்தார்கள். குடைக்கம்பிகள் மாதிரி இருந்த அதன் விலாக்களில் சில இடத்தை விட்டு அசையவே இல்லை. மசகுப்பூச்சு தேய்ந்துபோய் அந்த விலாக்களின் ஊசிகள் இறுகிவிட்டன என்பது பொறியாளர்களின் முடிவு. கடைசிவரை சின்ன ஆன்டெனாவை வைத்தே படங்களை அனுப்பியது அந்த விண்கலம்!

தீப்பெட்டிக்குத் திரும்புவோம். படுக்க வைத்தால் தொடும் பரப்பு அதிகம், ஒருக்களித்து வைத்தால் குறைவு. அப்படியானால் உராய்வும் குறையுமா? சோதிக்கும் முன் ஓர் எச்சரிக்கை: பெட்டியின் பக்கவாட்டில் உரசும் மருந்துப் பட்டை இருக்கிறது! அப்படியே வைத்தால் அட்டையை மருந்தோடு ஒப்பிட்டதாகிவிடும். பெட்டி முழுவதையும் வெள்ளைத்தாளால் சுற்றி ஒட்டிவிட்டுச் செய்யுங்கள். விடை? பரப்பு குறைந்தாலும் உராய்வு குறையாது!

இதை முதலில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? மோனலிசாவை வரைந்த லியோனார்டோ டாவின்சி! அவருடைய குறிப்பேடு ஒன்று லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் 1493-ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்று. மேலே ஒரு மூதாட்டியின் முகம்; கீழே சிவப்புச் சுண்ணத்தில் வரிசையாகக் கட்டைகள், கயிறு, கப்பி, தொங்கும் எடை. இன்றைக்குப் பள்ளி ஆய்வகத்தில் மேஜை மேல் வைத்திருக்கிறோமே, அதே அமைப்பு! 1920-களில் அந்த அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஒருவர் அந்தச் சிவப்புக் கிறுக்கல்களுக்கு மதிப்பே தரவில்லை. 2016-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் இயன் ஹட்சிங்ஸ் உட்கார்ந்து பார்த்தபோதுதான், உராய்வு விதிகள் முதன்முதலாகப் பதிவான பக்கம் அது என்று தெரிந்தது. எடை இரட்டித்தால் உராய்வு இரட்டிக்கும், பரப்பைப் பற்றிக் கவலையில்லை, இரண்டையும் லியோனார்டோ பிடித்துவிட்டார். ஆனால் மனிதர் அச்சில் போடவில்லை! 200 ஆண்டுகள் கழித்து, 1699-இல், காது கேளாத பிரெஞ்சு அறிஞர் கீயோம் அமோந்தோன் அதே விதிகளை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. பரப்பைப் பற்றி அவர் சொன்னதை அறிவியல் கழகத்தார் எளிதில் நம்பவும் இல்லை. யார்தான் நம்புவார்கள்?

காரணம் புரிய 1950 வரை ஆனது. கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்ற இருவர் எழுதிய புத்தகம் குட்டை உடைத்தது. இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தாலும், உண்மையில் தொட்டுக்கொள்வது நுண்ணிய மேடுகளின் நுனிகள் மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் பரப்பில் அது ஒரு துளிப் பங்கு. பெட்டியை ஒருக்களித்தால் பரப்பு சுருங்கும்; ஆனால் அதே எடை குறைந்த நுனிகள் மேல் இறங்குவதால் ஒவ்வொரு நுனியும் அதிகமாக நசுங்கி அகலும். மொத்தத்தில் உண்மையான தொடுபரப்பு அப்படியே இருக்கும்!

அந்த மருந்துப் பட்டை பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் ஸ்டாக்டனில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் 1827-இல் உரசித் தீ உண்டாக்கும் குச்சியை விற்கத் தொடங்கினார். நாம் உரசும்போது பட்டையில் உள்ள சிவப்புப் பாஸ்பரஸ் சிறிதளவு உராய்வின் சூட்டில் மாறி, குச்சித்தலையின் பொட்டாசியம் குளோரேட்டோடு சேர்ந்து பற்றுகிறது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினார்கள். சிவகாசியின் கதையே ஒரு உரசலில் ஆரம்பிக்கிறது என்று சொன்னாலும் தப்பில்லை!

உராய்வின் சூடு எவ்வளவு பெரியது தெரியுமா? 1798-இல் ரம்ஃபோர்டு பிரபு ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜெர்மனியின் மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய் குடையும் பட்டறைக்கு அவர்தான் மேற்பார்வை. மழுங்கிய துளைப்பான் ஒன்றைக் குதிரைகளைக் கொண்டு சுழற்றி, குழாயைத் தண்ணீருக்குள் மூழ்கடித்து வைத்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது! அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. கூடியிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். வேட்டியின் மேல் நின்றுபோன தீப்பெட்டியின் வேகமும் எங்கேயும் தொலைந்து போகவில்லை. இம்மி அளவு சூடாக அந்தத் துணியில்தான் இருக்கிறது.

இப்போது ரெக்கார்டு நோட்டையே திருத்த வேண்டிய இடம். சொரசொரப்பு குறைந்தால் உராய்வு குறையும் என்றுதானே எழுதினோம்? உப்புத்தாளையும் மொசைக்கையும் ஒப்பிட்டால் சரி. வழவழப்பைக் கூட்டிக்கொண்டே போனால் கதை தலைகீழாகும்! மரத்தின் மேல் மரம் நகரத் தொடங்கும்போது குணகம் 0.3, 0.4 என்று வரும். சுத்தமாகத் துடைத்த கண்ணாடியின் மேல் கண்ணாடி? 0.9-ஐ ஒட்டி! அவ்வளவு வழவழப்பில் அணுக்கள் கிட்டக்கிட்ட வந்து ஒன்றையொன்று இழுக்க ஆரம்பித்துவிடுகின்றன. கோவைப் பக்கம் டூல் ரூமில் வேலை பார்த்தவர்களிடம் ஸ்லிப் கேஜ் பற்றிக் கேளுங்கள். ஸ்வீடன்காரர் யோஹான்சன் 1896-இல் உருவாக்கிய அந்த எஃகுக் கட்டைகளைத் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தித் திருகினால், பசையே இல்லாமல் ஒட்டிக்கொண்டு தொங்கும்!

சரி, வழவழப்பாகவும் இருக்க வேண்டும், ஒட்டவும் கூடாது என்றால்? கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடரைப் பாருங்கள். போரிக் அமிலத்தின் படிகம் அடுக்கடுக்காக அமைந்தது. அடுக்குக்குள் பிணைப்பு வலுவானது, அடுக்குகளுக்கு நடுவே பலவீனமானது. ஸ்ட்ரைக்கர் ஓடும்போது அந்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக் கொடுக்கின்றன. பவுடர் இல்லாத போர்டில் பேஸ் லைனிலிருந்து அடித்த காய் எதிர்ப் பாக்கெட் வரை போய்ச் சேர்வதே பெரும்பாடு. மழைக்காலத்து ஈரத்தில் கேட்கவே வேண்டாம். இரண்டு முறை உலகச் சாம்பியனாகி 1996-இல் அர்ஜுனா விருது வாங்கிய சென்னைக்காரர் மரிய இருதயம் விரலால் சுண்டியது காயை மட்டுமா? உராய்வுக் குணகத்தை விரல் நுனியிலேயே அளந்து வைத்திருந்தவர் அவர்!

கேரம் போர்டையெல்லாம் தூக்கி அடிக்கிற வழுக்கல் நம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் டெஃப்லானின் குணகம் 0.04. நல்ல நிலையில் உள்ள முழங்கால் மூட்டில் குருத்தெலும்பும் குருத்தெலும்பும் உரசும்போது 0.01-ஐ ஒட்டி, சில சமயம் அதற்கும் கீழே!

ஈரம் பட்டால் வழுக்கும் என்பது தெரியும். ஈரம் பட்டதால் சறுக்குப்பலகை ஓடிய கதை தெரியுமா? எகிப்தில் டெய்ர் எல்-பெர்ஷா என்ற இடத்தில், ஏறக்குறைய 3,900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜெகுதிஹோதெப் என்ற ஆளுநரின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம். பிரம்மாண்டமான சிலை சறுக்குப்பலகையில் உட்கார்ந்திருக்கிறது. 172 பேர் கயிறு பிடித்து இழுக்கிறார்கள். பலகையின் முனையில் நின்று ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றுகிறார்! ஏதோ சடங்கு என்றே பலர் நினைத்திருந்தார்கள். 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் டேனியல் பான் குழுவினர் தட்டில் மணலைப் பரப்பிச் சின்னப் பலகையை இழுத்துப் பார்த்தார்கள். காய்ந்த மணலில் பலகைக்கு முன்னால் மணல் குவிந்து முட்டுக்கட்டை போட்டது. சரியான அளவு ஈரம் கொடுத்ததும் மணல் துகள்களுக்கு நடுவே நீர்ப்பாலங்கள் உண்டாகி மணல் கெட்டியானது. இழுக்க வேண்டிய விசை பாதியானது! ஆனால் தண்ணீர் அளவு மீறினால் மறுபடி திணறல். மெரினாவில் காய்ந்த மணலில் கால் புதையப் புதைய நடந்துவிட்டு அலையோரத்துக்கு வந்ததும் நடை லேசாகிறதே, அதே சங்கதிதான்.

தரையை மாற்றாமல் திசையை மட்டும் மாற்றினால்? ஒரு கோரைப்பாயை விரித்துத் தீப்பெட்டியைக் கோரையின் நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை விடுங்கள். ஒரே பாய், இரண்டு விடை! பாம்பு இந்த வித்தையில்தான் பிழைக்கிறது. அதன் வயிற்றுச் செதில்களுக்கு முன்னோக்கி நகர்வதில் உராய்வு குறைவு, பக்கவாட்டில் அதிகம் என்று 2009-இல் டேவிட் ஹூ குழுவினர் அளந்து காட்டினார்கள். செதில் பிடித்துக்கொள்ளத் தரையில் ஏதாவது வேண்டும். வீட்டுக்குள் புகுந்த சாரைப்பாம்பு டைல்ஸ் தரையில் நெளிநெளியென்று நெளிந்தும் இடத்தை விட்டு நகராமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? காரணம் பயம் மட்டுமில்லை!

இன்னொரு குட்டி ஆச்சரியம். புழுதியில் புனல் மாதிரிக் குழி பறித்து அடியில் ஒளிந்திருக்கும் குழிநரிப் பூச்சி, அந்தச் சரிவை மணல் சரியத் தொடங்கும் விளிம்புக் கோணத்திலேயே அமைத்து வைக்கிறது. எறும்பு கால் வைத்த மறுகணம் மணல் சரிந்து, நேரே வாய்க்குள்!

சாலைக்கு வருவோம். இந்த இடத்தில் மட்டும் விளையாட்டில்லை. பலகைச் சோதனையில் உயரத்தை இரட்டித்தால் தூரமும் இரட்டிக்கும். வேகத்தை இரட்டித்தால்? நான்கு மடங்கு! காய்ந்த தார்ச்சாலையில் குணகம் 0.7 என்று வைத்தால், 40 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்த வண்டி 9 மீட்டரில் நிற்கும். 80 கி.மீ. வேகத்தில் 36 மீட்டர்! மழை பெய்து குணகம் 0.4-க்கு இறங்கினால் 63 மீட்டர்! ஓட்டுபவர் சுதாரித்துப் பிரேக்கை மிதிக்கும் வரை ஓடும் தூரம் இதில் சேரவே இல்லை. சக்கரம் உருளும்போது டயர் தரையை நிலை உராய்வால் பற்றுகிறது. பூட்டிக்கொண்டு தேய்ந்தால் அதைவிடக் குறைந்த நழுவு உராய்வுதான் கிடைக்கும். அதனால்தான் சக்கரம் பூட்டாமல் விட்டுவிட்டுப் பிடிக்கும் ஏபிஎஸ், 125 சிசி-க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் கட்டாயம்.

ரயிலுக்கு நேர்மாறான தலைவலி. எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் அவ்வளவு லேசாக உருளும். அதனால்தான் ஓர் எஞ்சின் இருபது பெட்டிகளை இழுக்கிறது. ஆனால் எஃகின் மேல் எஃகுக்குப் பிடிமானமும் குறைவு, கிளம்பும்போது சக்கரம் வழுக்கிச் சும்மா சுற்றும்! இந்தக் காலத்து மின்சார எஞ்சினிலும் மணல் பெட்டி இருக்கிறது, தெரியுமா? சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் மணலைத் தூவிப் பிடிமானம் வாங்குகிறார்கள். ஆனால் ஊட்டி மலைக்கு அதுவும் போதவில்லை. கல்லாறு முதல் குன்னூர் வரை சில இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். எஞ்சின் தண்டவாளத்தை அழுத்துவது தன் எடையால் மட்டுமே. ஆனால் கீழே இழுப்பது மொத்த ரயிலின் எடையும். உராய்வை நம்பினால் காரியம் நடக்காது என்று, 1899-இல் திறந்த அந்தப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய எஃகுச் சட்டங்களைப் பதித்தார்கள். ஒன்றல்ல, அருகருகே இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம். எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் எஞ்சினின் பல்சக்கரத்தைக் கவ்வியபடியே இருக்கும்! எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. அடுத்த முறை மேட்டுப்பாளையத்தில் ஏறினால், கல்லாறு தாண்டியதும் கீழே எட்டிப் பாருங்கள். இயற்கைக் காட்சி அப்புறம் பார்க்கலாம்.

உராய்வை நம்பலாம் என்பவர்களுக்குத் துறைமுகம் இருக்கிறது. கப்பலின் வடத்தை இரும்புத் தூணில் சுற்றுகிறார்களே, குணகம் 0.3 என்றால் ஒரு சுற்றுக்குப் பிடி ஏறக்குறைய 6.6 மடங்கு. இரண்டு சுற்று 43 மடங்கு. மூன்று சுற்று 285 மடங்கு! ஒவ்வொரு சுற்றும் கூட்டவில்லை, பெருக்குகிறது. 2 கிலோ விசையில் ஒரு சிறுவன் நுனியைப் பிடித்தால் மறுமுனையில் அரை டன்னுக்கு மேல் நிற்கும்.

கடைசியாக, இன்று ராத்திரியே செய்து பார்க்க ஒன்று. இரண்டு 200 பக்க நோட்டுகளை எதிரெதிரே வைத்து, இதில் ஒரு தாள், அதில் ஒரு தாள் என்று சீட்டுக் கட்டைக் கலைப்பது போல மாற்றி மாற்றி அடுக்குங்கள். பொறுமை வேண்டும், முதுகு வலிக்கும். முடிந்ததும் முதுகுப் பக்கங்களைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுங்கள். வராது! அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான மித்பஸ்டர்ஸில் 2008-இல் இரண்டு டெலிபோன் டைரக்டரிகளை இப்படிக் கோத்து, ராணுவக் கவச வண்டிகள் இரண்டைக் கொண்டு இழுத்த பிறகுதான் பிரித்தார்கள். கோத்த இடத்தில் தாள்கள் இரட்டிப்பாவதால் அங்கே கட்டு தடித்துவிடுகிறது. தைத்த முதுகிலிருந்து ஒவ்வொரு தாளும் சற்றுச் சாய்ந்தே அங்கே வருகிறது. சாய்ந்த தாளை இழுத்தால் அந்த இழுப்பில் ஒரு பங்கு உள்நோக்கி அழுத்தமாகிவிடும். நீங்கள் எவ்வளவு பலமாக இழுக்கிறீர்களோ, அவ்வளவு பலமாக உங்களை எதிர்த்து நீங்களே அமுக்கிப் பிடிக்கிறீர்கள்! பழைய நோட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். தாள் பிரிவதற்கு முன்னால் நோட்டின் தையல் பிய்த்துக்கொண்டு வரும்.